பிறை பார்த்துத் திறக்கும் பள்ளிக்கூடம்

தமிழில் 'பள்ளி' என்ற சொல் அளவுக்கு மதம் விட்டு மதம் குடியேறிய சொற்கள் குறைவு. சமண முனிவர்கள் தங்கிய குகை பள்ளி. பெருமாள் கொள்வது பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளிதான். காயல்பட்டினத்திலோ காத்தான்குடியிலோ ஒரு பெரியவர் "பள்ளிக்குப் போய்ட்டு வாறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அவர் எங்கே போகிறார் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் குழப்பம் வராது. பிள்ளைகள் பாடம் படிக்கப் போவது வேறு இடம். அதை இங்கே 'பள்ளிக்கூடம்' என்பார்கள், இலங்கையில் 'பாடசாலை' என்பார்கள்.

வினைச்சொல்லும் இரண்டுதான். அதிகாலையிலோ மாலையிலோ தலையை மூடிக்கொண்டு குர்ஆனைத் தூக்கிக்கொண்டு போகும் குழந்தை 'ஓத'ப் போகிறது. புத்தகப்பையோடு போகும் அதே குழந்தை 'படிக்க'ப் போகிறது. தேவாரம் பாடுகிறவரை ஓதுவார் என்கிறோமே, அதே ஓதுதல்தான். மனப்பாடமும் குரலும் சேர்ந்த, பொருள் பிறகு வந்து சேரும் ஒரு பழைய கல்விமுறையைக் குறிக்க, தமிழ் பேசும் முஸ்லிம்கள் புதிய சொல்லைத் தேடவில்லை. கையருகே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஓதப்பள்ளிக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் கல்வியாண்டு கிடையாது. ஒரு பிள்ளை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் சேரலாம். அலிஃபில் தொடங்கித் தன் வேகத்தில் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா பத்தாவது ஜுஸுவில் இருப்பாள், தம்பி இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். யாரும் யாருக்கும் 'வகுப்புத் தோழர்' இல்லை. குர்ஆனை முழுதும் ஓதி முடித்தால் 'தமாம்' என்று வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். அதுதான் பட்டமளிப்பு. இந்துக் குழந்தைகளின் திண்ணைப் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் இதே மாதிரிதான் நடந்தது. ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து, ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தி, ஒரே நாளில் பரீட்சை வைத்து மேலே தள்ளுவது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. உண்மையில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய சரக்கு.

இன்று எந்த இஸ்லாமியப் பள்ளியை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை போகும். சீருடை இப்படி, தொழுகை நேரம் இப்படி, மதிய உணவு இப்படி, நோன்பு மாதத்தில் நேரம் மாறும், வெள்ளிக்கிழமை சீக்கிரம் விடுவோம். சாதாரணமான ஒரு தாள். ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பேரம் நடந்திருக்கிறது. வீட்டின் நேரமும் பள்ளிக்கூடத்தின் நேரமும் உட்கார்ந்து பேசிய பேரம். தமிழ் பேசும் முஸ்லிம்களைப் பொறுத்தவரை அந்தப் பேரம் மிகத் தெளிவாகப் பதிவான இடம் இலங்கை.

*

1838இல் கண்டியில் பிறந்தவர் முகம்மது காசிம் சித்தி லெப்பை. அவருடைய தந்தை இலங்கையின் முதல் முஸ்லிம் வழக்கறிஞர். மகனும் அதே தொழிலுக்குப் போனார். நல்ல வருமானம், நகரசபையில் இடம், வெள்ளைக்கார அதிகாரிகளிடம் மரியாதை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறொரு வழியாகத் தெரிந்திருக்கும். 1885இல் வந்த 'அசன்பே சரித்திரம்' அவருடையது. 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு ஆறு ஆண்டுகளே இளைய நாவல். தமிழின் முதல் நாவல்களைப் பட்டியலிடும்போது இரண்டாவதாக எண்ணப்படுவது. தமிழ் நாவல் தொடங்கி ஆறு வருடத்திற்குள் அதன் நாயகன் எகிப்தில் பிறந்து இந்தியாவில் வளர்கிறவனாக இருக்கிறான் என்பதே ஒரு செய்தி. ஆனால் சித்தி லெப்பைக்கு நாவல் பக்க வேலை. முதன்மையான வேலை இரண்டு. ஒன்று, 1882இன் இறுதியில் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகை. மற்றொன்று, பள்ளிக்கூடம்.

அன்றைய நிலைமை இது. 1869இல் இலங்கையில் பொதுக் கல்வித் திணைக்களம் உருவாகி, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு நன்கொடை தரத் தொடங்கியிருந்தது. யார் பள்ளி நடத்தினார்களோ அவர்களுக்குப் பணம். பள்ளி நடத்தத் தெரிந்தவர்கள் மிஷனரிகள். ஆகவே ஆங்கிலம் வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே பைபிளும் பாடம்.

இதற்கு முதலில் பதில் சொன்னவர் ஆறுமுக நாவலர். 1848இலேயே யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். மிஷன் பள்ளியின் அமைப்பை அப்படியே எடுத்து உள்ளடக்கத்தை மாற்றினார். 1880இல் ஆல்காட் வந்து இறங்கிய பிறகு பௌத்தர்கள் அதையே செய்தார்கள். 1886இல் கொழும்பில் அவர்கள் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பிறகு ஆனந்தா கல்லூரி ஆனது. முஸ்லிம்கள் மட்டும் அசையவில்லை. வியாபாரத்துக்குக் கணக்குத் தெரிந்தால் போதும், மார்க்கத்துக்கு ஓதத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்றோ பிற்போக்கு என்றோ இப்போது சொல்வது சுலபம். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். மகனை மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் அவன் குமாஸ்தாவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கடையில் உட்காரவைத்தால் கடை நிச்சயம்.

சித்தி லெப்பை தொழிலைக் குறைத்துக்கொண்டு இதில் இறங்கினார். அவருக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு துணை கிடைத்தது. 1882இல் எகிப்தில் பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் உராபி, நம் பக்கத்தில் அரபி பாஷா, 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். பதினெட்டு ஆண்டுகள் இலங்கையில் இருந்தார். ஒரு பேரரசோடு மோதியவர், முஸ்லிம் உலகமே பெயர் அறிந்தவர், "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், புதிய கல்வி மார்க்கத்துக்கு விரோதமில்லை" என்ற பக்கத்தில் நின்றார். கொழும்பு வியாபாரிக்கு உள்ளூர் வழக்கறிஞர் சொன்னால் ஒரு காது, பாஷா சொன்னால் இரண்டு காது.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் சித்தி லெப்பை ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது நிலைத்து வளரவில்லை. இடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், நோக்கம் இருந்தது. வீடுகள்தான் வந்து சேரவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து 1892 ஆகஸ்டு 22ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் மறுபடி தொடங்கியது நிலைத்தது. அதுதான் இன்றைய கொழும்பு ஸாஹிறா கல்லூரி. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருந்த எட்டு ஆண்டுகளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பள்ளிக்கூடம் கட்டுவதற்கு ஒரு வருடம் போதும். பள்ளிக்கூடத்துக்கு வீட்டைத் தயார் செய்ய அவ்வளவு காலம் பிடித்தது.

*

எப்படித் தயார் செய்தார்கள்?

முதலில் எழுத்து. தமிழ் முஸ்லிம் வீடுகளில் எழுத்தறிவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இருந்தது வேறு எழுத்து. அரபுத் தமிழ், அதாவது அர்வி. மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத ட, ண, ப, ஞ, ங போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகள் செய்துகொண்டார்கள். கீழக்கரையில் இருந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இந்த எழுத்தில் எழுதிய மார்க்கச் சட்ட நூல்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் வீடு வீடாக வாசிக்கப்பட்டன. பெண்களும் வாசித்தார்கள். குர்ஆன் ஓதக் கற்றதோடு அரபு எழுத்து கைக்கு வந்துவிடும். அதை வைத்துத் தமிழை வாசிக்கலாம். தமிழ் எழுத்தில் ஓர் அட்சரம் தெரியாது, ஆனால் தமிழ்ப் புத்தகம் வாசிப்பாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் இன்று விடுகதை போலத் தோன்றும். நூறு வருடத்துக்கு முன்பு அப்படிப்பட்ட பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

சித்தி லெப்பை இந்த வாசலைத் தட்டினார். ஓதப்பள்ளியை இடித்துவிட்டுப் புதுப்பள்ளி கட்டுவதாக அவர் சொல்லவில்லை. ஓதலும் இருக்கும், அரபியும் இருக்கும், அதோடு தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வரும் என்றார். மாணவர்களுக்கான பாட நூல்களைத் தாமே எழுதினார். கண்டியைச் சுற்றியும் பள்ளிகள் தொடங்கினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தியபோது அவருடைய சகோதரி அதற்குத் துணை நின்றார். இதை வெறும் நிர்வாக விவரமாகக் கடந்து போக முடியாது. மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கும் உம்மாவுக்கு, 'அங்கே யாரு இருக்காங்க?' என்பதுதான் முதல் கேள்வி. 'லெப்பையோட தங்கச்சி இருக்காங்க' என்பதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது.

அடுத்தது காசு, இடம். இங்கே வாப்பிச்சி மரைக்கார் வருகிறார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். கட்டி முடித்ததும் ஆளுநர் கிரிகரி "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம். பட்டமோ நிலமோ கேட்காமல், "வெள்ளிக்கிழமை இதை மூடி வையுங்கள்" என்றாராம் மரைக்கார். அப்படியே நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது என்பார்கள். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் ஒரு சமூகம் தன் முன்னோடி ஒருவரைப் பற்றி எந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதில் உண்மை இருக்கிறது. அரசிடமிருந்து பெறத்தக்க மிக உயர்ந்த பரிசாக அவர்கள் நினைத்தது ஒரு நாளை. மருதானைப் பள்ளி எழுந்ததிலும் இதே மரைக்காரின் கை உண்டு.

*

நாள் என்றதும் என் தொழில்புத்தி விழித்துக்கொள்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உலகத்திலேயே அலுப்பூட்டும் வேலை எது என்றால், பாதிப் பேர் தேதியும் நேரமும் என்பார்கள். கணினிக்கு ஒரே ஒரு காலம் போதும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டே போகும் விநாடிகள். மனிதர்களுக்குப் போதாது.

இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள். சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. தமிழ்ப் பஞ்சாங்கமும் யூதர்களின் நாள்காட்டியும் சந்திரன் பின்தங்கும்போது அதிக மாதம் ஒன்றைச் செருகியோ, மாதத்தையே சூரியனோடு கட்டியோ சரிசெய்துகொள்கின்றன. இஸ்லாமிய நாள்காட்டி அந்தச் செருகலை ஏற்பதில்லை. ஆகவே ரமழான் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். கத்தரி வெயிலிலும் நோன்பு வரும், கார்த்திகை மழையிலும் நோன்பு வரும். போதாததற்கு, மாதம் தொடங்குவது பிறை கண்ட பிறகு. நாளைக்கு விடுமுறையா இல்லையா என்பது இன்று மாலை மேகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது இதை ஒரு கல்வியாண்டோடு பொருத்திப் பாருங்கள். பல நாடுகளில் பள்ளிகள் இதைப் பொருத்த முயல்வதே இல்லை. நோன்பு வந்தால் பிள்ளைகள் நோன்போடு வருவார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். இலங்கையில் வேறு வழி எடுத்தார்கள். அங்கே கல்வி அமைச்சு தவணைத் தேதிகளை அறிவிக்கும்போது இரண்டு பட்டியல் வரும். சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒன்று, முஸ்லிம் பாடசாலைகளுக்கு ஒன்று. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் நீண்ட விடுமுறை. அந்த நாட்களை மற்ற விடுமுறைகளில் குறைத்து ஈடுகட்டுவார்கள். ஊரில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது இவர்கள் வகுப்பில் இருப்பார்கள், மற்றவர்கள் வகுப்பில் இருக்கும்போது இவர்கள் வீட்டில் நோன்பு திறக்கும் கஞ்சிக்குக் காத்திருப்பார்கள்.

பெரும்பாலான ஆண்டுகளில் இது சமாளிக்கக்கூடிய சிக்கல். ஆனால் 33 வருட வட்டத்தில் ஓர் இடம் உண்டு, ரமழான் ஜனவரிக்குள் நுழையும் இடம். இலங்கையில் கல்வியாண்டு வழக்கமாகத் தொடங்குவது ஜனவரியில். 1997இல் ஜனவரி பத்தை ஒட்டி நோன்பு தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் அடுத்த ரமழானும் தொடங்கிவிட்டது. ஒரே ஆங்கில ஆண்டுக்குள் இரண்டு நோன்புத் தொடக்கம். புதிய கொப்பி, புதிய சப்பாத்து, முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முதல் நாள் எல்லாமே பிறையைச் சுற்றித்தான் திட்டமிடப்பட வேண்டும். ஆனால் பொதுப் பரீட்சைகள் நகராது. சாதாரண தரம், உயர் தரம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எல்லாம் நாடு முழுக்க ஒரே நாளில். வருடம் நெகிழும், பரீட்சை நெகிழாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது அமைச்சு இல்லை, வீடு. ஸஹருக்கு எழும் உம்மாதான் பிள்ளையைப் படிக்கவும் எழுப்புவாள்.

இதை முஸ்லிம்களின் தனி அடம் என்று யாராவது நினைத்தால், இலங்கையின் இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். 1966 முதல் 1971 வரை அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இல்லை. சந்திரனின் நான்கு நிலைகளுக்கும் வரும் போயா நாட்களே வாராந்திர விடுமுறை. சந்திரனின் கால் சுற்று சரியாக ஏழு நாளில் அடங்காது என்பதால் சில வாரங்களில் வேலைநாள் ஒன்று கூடிவிடும். உலகமே ஞாயிறு ஓய்வெடுக்க, கொழும்பு அலுவலகங்கள் திறந்திருந்தன. ஐந்து வருடத்தில் வியாபாரம் தாங்காமல் பழைய வாரத்துக்கே திரும்பினார்கள். மிஷனரி வாரத்திலிருந்து தன் நாளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்ற வேட்கை அந்தத் தீவில் எல்லோருக்கும் இருந்தது. மரைக்கார் கேட்டது ஒரு கட்டடத்துக்கு. பௌத்தர்கள் கேட்டது நாடு முழுமைக்கும்.

*

இப்படித் தனி நேரம் வைத்துக்கொண்ட பள்ளி, ஆட்களையும் தனியாக வைத்துக்கொண்டதா? ஸாஹிறாவின் நல்ல காலத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1921இல் அதிபராக வந்த டி.பி. ஜாயா கண்டியைச் சேர்ந்த மலாய்க்காரர். சோனகர்கள் கட்டிய பள்ளிக்கு ஒரு மலாய்க்காரர் தலைமை. கையளவு மாணவர்களோடு தள்ளாடிய பள்ளியை 27 ஆண்டுகளில் தீவின் பெரிய கல்லூரிகளில் ஒன்றாக்கினார். 1948இல் அவருக்குப் பின் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1935இல் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியவர். பணமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது என்று, வீட்டைத் தயார் செய்யும் வேலையின் அடுத்த படியை எடுத்து வைத்தவர். சிவில் சேவைப் பதவியை உதறிவிட்டுப் பள்ளி அதிபர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அஸீஸ் படித்தது எங்கே? யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். நாவலர் சைவப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய அதே வண்ணார்பண்ணை. மிஷனரிகளிடமிருந்து சைவத்தைக் காக்க எழுந்த கல்வி மரபிலிருந்து ஒரு முஸ்லிம் கல்வியாளர் வெளியே வருகிறார்.

எதிர்த்திசையிலும் நடந்தது. நாம் கொண்டாடும் மார்க்சிய விமர்சகர் கார்த்திகேசு சிவத்தம்பி, கரவெட்டியிலிருந்து கொழும்பு வந்து படித்தது ஸாஹிறாவில். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். தமிழின் மிக முக்கியமான இலக்கிய வரலாற்றாசிரியர்களில் ஒருவர், பள்ளிவாசல் நிழலில் நின்ற ஒரு கல்லூரியில் உருவானவர். இந்த வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. ஒரு பள்ளி தன் பிறையை விட்டுக்கொடுக்காமல் இருந்துகொண்டே, பிறரின் பிள்ளைகளுக்கும் வீடாக இருக்க முடிந்த காலம் அது.

*

அது ஏன் நீடிக்கவில்லை? ஒரு காரணம், பள்ளி சமூகத்தின் கையிலிருந்து அரசின் அட்டவணைக்குப் போனது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் நன்கொடை பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு கையேற்றது. பிறகு பள்ளிகள் வகை பிரிக்கப்பட்டன. சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை. இந்த மூன்று சொற்களையும் மெதுவாக வாசியுங்கள். முதல் இரண்டும் மொழி. மூன்றாவது மதம். முஸ்லிம் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றின் பயிற்று மொழியும் தமிழ்தான். தரவுத்தளத்தில் ஒரே பத்தியில் இரண்டு விதமான மதிப்புகளை யாராவது போட்டால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். அரசாங்கங்கள் அனுப்புவதில்லை.

இந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று கட்டுரை வாசித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அது ஆராய்ச்சியா, இடத்தைத் தடுக்கும் வாதமா என்ற சந்தேகம் முஸ்லிம்களுக்கு வந்தது. ஸாஹிறாவின் தொடக்க கால முன்னோடிகளில் ஒருவரான ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். மொழி ஒன்று, ஆனால் நாங்கள் நீங்கள் இல்லை. பள்ளி அட்டவணையின் மூன்றாவது வகை இந்த வாக்கியத்தின் நிர்வாக வடிவம்தான்.

அதன் பலனை மறுக்க முடியாது. மகளைப் படிக்க அனுப்ப மாட்டேன் என்ற வீடு, முஸ்லிம் பெண்கள் பாடசாலை வந்தபோது அனுப்பியது. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி வந்தது. வெள்ளைச் சல்வாரும் தலையை மூடிய முக்காடும் அரச பள்ளிகளில் சீருடையாக ஏற்கப்பட்டது. இந்த ஏற்பாடுகளில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் ஒரு தயக்கத்தைக் கழற்றியது. அப்படிப் படித்து வந்த பெண்கள் இன்று டாக்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் கவிஞர்களாகவும் இருக்கிறார்கள்.

விலையும் இருந்தது. ஒரே தெருவில், ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள், வேறு வேறு பள்ளி, வேறு வேறு விடுமுறை. ஒருவருக்கு விடுமுறை வரும்போது இன்னொருவருக்குப் பரீட்சை. சேர்ந்து விளையாடவே நாள் கிடைக்காத பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானால், ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்படுவது வதந்தி வழியாகத்தான். போருக்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. போர் வந்தபோது குறுக்கே நிற்க வேண்டிய சின்னச் சின்ன நட்புகள் குறைவாக இருந்தன என்கிறேன்.

1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கிலிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். கல்வியாண்டு முடிய இரண்டு மாதம் இருந்தது. சோனகத் தெருவின் உஸ்மானியா கல்லூரியில் கரும்பலகையில் அன்றைய தேதி எழுதியிருந்திருக்கும். அடுத்த ஜனவரியில் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் புதிய ஆண்டு தொடங்கியது புத்தளத்து அகதி முகாம்களில். அஸீஸை வளர்த்த ஊரிலிருந்து, அஸீஸின் ஆட்கள் போனார்கள். போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது தெருப் போராட்டமானது. புடவைதான் இந்தப் பள்ளியின் பண்பாடு என்றார்கள் ஒரு பக்கம். எங்கள் உடை எங்கள் உரிமை என்றார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் தமிழில்தான் கத்தினார்கள்.

*

ஆகவே தனிப் பள்ளியே கூடாது என்று முடிக்கலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எல்லாரும் ஒரே பள்ளிக்கு வாங்க, ஒரே காலண்டரைப் பின்பற்றுங்க' என்று சொல்கிறவர் பெரும்பாலும் தன் பண்டிகைக்கு ஏற்கெனவே விடுமுறை இருப்பவராகத்தான் இருப்பார். பொது நாள்காட்டி என்று ஒன்று எங்கும் இல்லை. பெரும்பான்மையின் நாள்காட்டிக்குத்தான் அந்தப் பெயர். சித்தி லெப்பை இதைப் புரிந்துகொண்டதால்தான் 1892 நிலைத்தது. வீடு தன்னை முழுதாகக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று கேட்கும் பள்ளிக்கு, வீடு வராது.

ஆனால் அவர் பள்ளியை அதோடு நிறுத்த நினைக்கவில்லை. அவருடைய நாவலின் நாயகனைப் போல, பிள்ளை வெளியே போக வேண்டும் என்பதுதான் கனவு. பிறைக்கு இடம் கொடுத்தது வீட்டைப் பள்ளிக்குள் கொண்டுவர. பள்ளிக்குள் வந்த பிள்ளையை அங்கேயே வைத்துப் பூட்ட இல்லை. ஜாயாவும் அஸீஸும் இரண்டாவது பாதியையும் செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள். அரசுக்கும் அது வசதியாக இருந்தது. வகை பிரித்துத் தேதி அறிவிப்பது சுலபம். சிவத்தம்பிகளை ஸாஹிறாவுக்கும் அஸீஸ்களை இந்துக் கல்லூரிக்கும் அனுப்புகிற சூழலை உருவாக்குவது கஷ்டம்.

2030இல் மறுபடியும் ஒரே ஆண்டில் இரண்டு ரமழான் வரப்போகிறது. ஜனவரி ஐந்தை ஒட்டி ஒன்று, டிசம்பர் 26ஐ ஒட்டி இன்னொன்று. இன்று சின்னஞ்சிறு குழந்தைகளாக இருக்கும் பலர் அப்போது முதலாம் ஆண்டுக்குப் போகும் வயதில் இருப்பார்கள். அக்கரைப்பற்றிலோ மூதூரிலோ ஒரு வீட்டில் புதுச் சப்பாத்தை வாங்கி வைத்துவிட்டு, வாப்பா பிறைச் செய்திக்காக வானொலியை வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்துத் தெருவில் அதே வயதுக் குழந்தை ஏற்கெனவே பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கும். ஒரு மாதம் இந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று வீட்டிலும் ஒன்று வகுப்பிலும் இருக்கப்போகிறது. அந்த ஒரு மாத வித்தியாசத்தோடு போகட்டும். மிச்சம் பதினொரு மாதத்தில் அவர்கள் எங்கேயாவது ஒரே பெஞ்சில் உட்கார வழி இருக்கிறதா என்பதுதான் பெரியவர்கள் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடு.